இடது மரை

ஆனி மாதத்துக் காற்று அன்றைக்கு விடியும்போதே கிளம்பிவிட்டது. கோவில்பட்டியில் அந்த மாதம் சன்னலைத் திறந்துவைத்தால் அரைமணி நேரத்தில் வீடு முழுக்கக் கரிசல் தூசி படியும். மூடிவைத்தால் உள்ளே வெந்து சாகவேண்டியதுதான். காளீஸ்வரி பாதி திறந்து பாதி மூடி, இரண்டு கஷ்டத்தையும் சேர்த்தே அனுபவித்துக்கொண்டு, புளிக்குழம்புக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எட்டரைக்குக் கல்லூரிக்குக் கிளம்பியாக வேண்டும். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

வந்தது பாண்டிச்செல்வி. காளீஸ்வரியிடம் மூன்று வருடம் உயிர்வேதியியல் படித்து, சித்திரையில் பட்டப்படிப்பை முடித்த பெண். புதூர்ப் பக்கம் கரிமூட்டம் போடுகிற கருப்பசாமியின் மகள். எழுத்துத் தேர்வில் தேறி, சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் மேல்படிப்பு நேர்காணல் வரைக்கும் போனவள். அந்தக் கல்லூரியிலிருந்து அவ்வளவு தூரம் போன முதல் ஆள் அவள்தான். நேர்காணல் முடிந்து நாலு நாள் ஆகிவிட்டது, போனே இல்லையே என்று காளீஸ்வரி முந்தின நாள்தான் நினைத்திருந்தாள்.

பாண்டிச்செல்வி உட்காரவில்லை. துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு பொருளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். இரண்டு கைப்பிடி அளவில், சுருள்சுருளாக ஒரு நாடா ஒன்றுக்குள் ஒன்று மடங்கிக் கிடப்பதுபோன்ற பிளாஸ்டிக் மாதிரி. தசையில் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கிற மயோகுளோபின் என்கிற புரதம். கணினியில் இருக்கும் உருவத்தை, பிளாஸ்டிக் இழையை உருக்கி உருக்கி அடுக்கடுக்காக ஊற்றி எழுப்புகிற முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்தது. அதில் எட்டுச் சுருள். எட்டுக்கும் காளீஸ்வரி தன் கையாலேயே எட்டு நிறத்தில் நகப்பூச்சுப் பூசியிருந்தாள். முதல் வருடத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியதற்கு அவள் கொடுத்த பரிசு அது.

"மேடம், இது தப்பான பக்கம் சுத்துது," என்றாள் பாண்டிச்செல்வி.

காளீஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. அந்தப் பெண் நடந்ததைச் சொன்னாள். நேர்காணலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். புரதத்தில் வருகிற ஆல்ஃபா சுருள் எந்தப் பக்கம் சுற்றும் என்று ஒருவர் கேட்டார். வலப்பக்கம் என்றாள். பலகையில் வரையச் சொன்னார். வரைந்தாள். வாயால் வலது என்கிறாய், வரைந்திருப்பது இடதாயிற்றே என்றார். இல்லை சார், இதுதான் வலது என்றாள். இன்னொரு அம்மாள் இரக்கப்பட்டு, நிதானமாக யோசித்துச் சொல் என்று இன்னொரு வாய்ப்பும் கொடுத்திருக்கிறாள்.

"ரெண்டு வருஷமா கையில வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியும்னு சாதிச்சேன் மேடம். அவிய ஒருத்தர ஒருத்தர் பார்த்துச் சிரிச்சாவ. தெரியலைன்னு சொல்லியிருந்தாக்கூட விட்டிருப்பாவ. அதுக்குப் பிறகு அவிய என்ன கேட்டாலும் எனக்கு வாய் எந்திரிக்கலை."

பட்டியல் நேற்று வந்துவிட்டது. பெயர் இல்லை.

காளீஸ்வரி கையைக் கழுவித் துடைத்துவிட்டு மாதிரியை எடுத்தாள். வலது கைக் கட்டைவிரலை மேலே நிறுத்தி, மற்ற விரல்களை மடக்கினால் அவை வளைகிற திசையிலேயே சுற்றிச் சுற்றி மேலே ஏறவேண்டும், அதுதான் வலச்சுருள். முதல் சுருளில் வைத்துப் பார்த்தாள். விரல் ஒரு பக்கம் போனது, நாடா மறுபக்கம் போனது. தலைகீழாகக் கவிழ்த்தாள். கவிழ்த்தால் மாறாது என்று அவளுக்குத் தெரியும். திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தால் அதன் சுற்று மாறிவிடுமா என்ன. தெரிந்தும் நாலு தடவை கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தாள். எட்டுச் சுருளும் இடதுதான்.

மூன்று வருடமாக வகுப்பில் வாயால் வலது என்று சொல்லிக்கொண்டே கையில் இடதைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். ஒரு நாள்கூடக் கட்டைவிரலை வைத்துப் பார்க்கவில்லை. பிள்ளைகளும் பார்க்கவில்லை. வாயால் சொன்னது ஒரு காதில் போய் மறுகாதில் வந்துவிட்டது. கையில் கொடுத்தது அப்படியே நின்றுவிட்டது. அப்படி நிற்கவேண்டும் என்றுதானே அதைச் செய்யச் சொன்னாள்.

காப்பி போடட்டுமா என்று கேட்டதற்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள் பாண்டிச்செல்வி. அவள் அழுதிருந்தால் காளீஸ்வரிக்குச் சமாதானம் சொல்லவாவது ஒரு வழி இருந்திருக்கும். அவள் அழவில்லை. மாதிரியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவள் கணவன் சுடலைராஜ் ஒன்பது மணிக்குப் பலகாரம் சாப்பிட வந்தான். மெயின்ரோட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவனுக்கு அச்சகம். அப்பா காலத்தில் தீப்பெட்டி லேபிள் அடித்த இடம்; இப்போது கல்யாணப் பத்திரிகை, பேனர், பனியனில் படம் ஒட்டுவது என்று எது வருகிறதோ அது. கோயம்புத்தூரில் கடையை மூடிய ஒருவனிடமிருந்து அந்த முப்பரிமாண இயந்திரத்தைக் குறைந்த விலைக்கு வாங்கிவந்து, சாவிக்கொத்தும் பெயர்ப்பலகையும் செய்துகொண்டிருந்தான். பாடத்துக்குப் புரத மாதிரி செய்துதரச் சொன்னது காளீஸ்வரிதான். ஒன்று முடியப் பதினோரு மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் அத்தனையும் வீண். அப்படிப் பாதியில் நின்ற புரதங்களே அச்சகத்து மூலையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன.

காளீஸ்வரி கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு அவனுக்காகக் காத்திருந்தாள். தோசையைத் தட்டில் போட்டாள், மாதிரியையும் பக்கத்தில் வைத்தாள். அந்தக் கணினிக் கோப்பை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்றான். நான் இணையத்திலிருந்து இறக்கிக்கொடுத்த கோப்பு சரியாக இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன் என்றாள். அவன் ஒரு தோசையைத் தின்று முடிக்கும்வரை யோசித்தான்.

"நீதானே சொன்ன, புஸ்தகத்துப் படத்துல ஆரம்பிக்கிற முனை இடது பக்கம் இருக்கு, பிள்ளையளுக்குக் குழப்பமில்லாம இதுலயும் அப்படியே வரட்டும்னு. அதான் மிரர் போட்டேன்."

"திருப்பி வைக்கச் சொன்னேன். மிரரா போடச் சொன்னேன்?"

"திருப்பினா அடிப்பக்கம் சொரசொரன்னு வந்துச்சு. மிரர் போட்டேன், சுத்தமா வந்துச்சு. பனியனுக்குப் படம் அடிக்கையில தினம் அதத்தானே செய்யுதேன்."

பனியனில் ஒட்டுகிற படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றி அடித்தால்தான் துணியில் எழுத்து நேராக விழும். பதினைந்து வருடப் பழக்கம். அதே கை இதிலும் அந்தப் பொத்தானை அமுக்கியிருக்கிறது. அதில் அவனுக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. எந்தப் பக்கம் சுற்றினால் என்ன, பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கிறது, இவ்வளவு படித்த நீயே மூன்று வருடமாகக் கண்டுபிடிக்கவில்லையே, வேறு யாருக்குத் தெரியப்போகிறது என்றான். இன்னொரு தோசை கேட்டான்.

காளீஸ்வரிக்கு வந்த எரிச்சலில் தோசைக்கரண்டியை எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை. கடைசிக் கேள்விதான் அவளை அதிகம் சுட்டது. மறுபடி உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். "உங்க மெஷினுக்கு ஒரு போல்ட்டு வாங்கப் போறீங்க. கடைக்காரன் இடது மரை போல்ட்டைத் தருதான். பார்க்க ஒண்ணுபோலத்தான் இருக்கும். வந்து மாட்டினா ஏறுமா?"

"ஏறாது."

"இதும் அப்படித்தான். உடம்புல இருக்கிறது பூராவும் வலது மரை. நீங்க செஞ்சிருக்கிறது எந்த உடம்புலயும் ஏறாது."

சுடலைராஜ் சட்னியைத் தொட்ட விரலைத் தட்டின் ஓரத்தில் துடைத்தான். பிறகு மாதிரியை இழுத்து, கண்ணருகே பிடித்து, ஒரு மெக்கானிக் மரையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். எத்தனை வெளியே போயிருக்கிறது என்று கேட்டான். போன வருடம் ஆசிரியர் பயிற்சியில் பத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தோமே என்றாள். இரண்டாவது தோசையை அவன் தொடவில்லை.

அன்றைக்கே காளீஸ்வரி அந்தச் சென்னை நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். மாணவி மேல் தவறில்லை, நான் கொடுத்த மாதிரி தவறு என்று ஒளிக்காமல் எழுதினாள். அவள் கௌரவ விரிவுரையாளர். வருடா வருடம் ஆனியில்தான் வேலையைப் புதுப்பிப்பார்கள். இந்த நேரம் பார்த்து இப்படியொரு கடிதம் தேவையா, கல்லூரிப் பெயரைப் போடாதீர்கள் என்று துறைத்தலைவர் போனில் அரைமணி நேரம் கெஞ்சினார். போடவில்லை, தன் பெயரைப் போட்டாள். பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவிலும் விவரமாக எழுதிப்போட்டாள். நாற்பத்தோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருத்தி பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்குப் பிறந்தநாளும் இல்லை.

சனிக்கிழமை அந்தப் பள்ளிகளிலிருந்து மாதிரியைத் திருப்பி வாங்க இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். அவனை அவள் கூப்பிடவில்லை; அவனாகவே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வண்டியை எடுத்தான். ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கோடையுழவு போட்ட கரிசல். ஒரு பச்சை கிடையாது. புரட்டாசி மழைக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது நிலம். காற்று பக்கவாட்டில் அடித்ததில் வண்டி சாலையின் நடுவுக்கும் ஓரத்துக்குமாக அலைந்தது. முந்தானையால் வாயைக் கட்டியும் காளீஸ்வரியின் பல்லில் மண் நறநறத்தது.

முதல் பள்ளியில் மாதிரி தலைமையாசிரியர் அறைக் கண்ணாடி அலமாரியில், விளையாட்டுக் கோப்பைகளுக்கு நடுவே மாலை போட்டு இருந்தது. யாரும் தொட்டுவிடக் கூடாது என்று பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றார் அவர். இரண்டாவது பள்ளியில் சுற்றின பிளாஸ்டிக் உறையையே பிரிக்கவில்லை. மூன்றாவதில் பீரோச் சாவியை வைத்திருந்தவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். தப்பான மாதிரியைக் கொடுத்துவிட்டோமே என்று குமுறிக்கொண்டு வந்தவளுக்கு, அதை ஒருவரும் கையால் தொடவே இல்லை என்பது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. பதினோரு மணி நேரம், பதினோரு மணி நேரமாகப் பத்து மாதிரி என்று சுடலைராஜ் வண்டியை உதைத்துக்கொண்டே முனகினான்.

பசுவந்தனைக்குப் போகிற வழியில் இருந்த நாலாவது பள்ளியில்தான் வள்ளித்தாய் இருந்தாள். பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவள். பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டவள். சிறப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மேசைமேல் அந்த மாதிரி. நகப்பூச்சு பாதி உரிந்து, ஒரு முனை உடைந்து, நூல் கட்டி ஒட்டியிருந்தது. அவ்வளவு கைபட்டிருக்கிறது. எதிர்ச் சுவரோரம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி நிறுத்தியிருந்தது. ஒரு பெண்பிள்ளை மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள்.

காளீஸ்வரிக்குக் கண்டதும் விளங்கிவிட்டது. கண்ணாடியில் தெரிவது வலச்சுருள்.

வராந்தாவுக்குக் கூட்டிவந்து, எப்போது தெரியும் என்று கேட்டாள்.

"வாங்கிட்டுப் போன மறுவாரமே தெரியும் மேடம். பிள்ளைய விரலை வச்சுப் பார்த்தப்ப வரலை. சரி, கண்ணாடியில காட்டிருவோம்னு..."

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்டச் சொல்லலை? எம் போன் நம்பர் உங்ககிட்ட இருக்குல்லா?"

வள்ளித்தாய் புடவை நுனியைத் திருகினாள். "நீங்க டாக்டர் பட்டம் வாங்கினவிய. நான் போய் உங்களுக்குத் தப்புன்னு சொல்லவா. ஏதோ காரணமாத்தான் அப்படிச் செஞ்சிருப்பீங்கன்னு நெனச்சேன். சொன்னா மனசு வருத்தப்படுவீங்கன்னும் இருந்துச்சு."

ஒரு போன். ஒரே ஒரு போன் போன ஆடியில் வந்திருந்தால், பாண்டிச்செல்வி இந்நேரம் சென்னைக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள். காளீஸ்வரிக்குத் தொண்டை வரை வார்த்தை வந்தது. மரியாதை, மரியாதை என்று எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. ஆனால் அந்த வகுப்பறையில் இருந்த முப்பது பிள்ளைக்கும் எது வலது, எது இடது என்று தெரிந்திருந்தது. அவளுடைய மூன்று வருடப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இனிமேல் என்ன தப்பு கண்ணில் பட்டாலும் என்னைக் கூப்பிட்டுத் திட்டுங்கள் என்று மட்டும் சொன்னாள். வள்ளித்தாய் அந்த மாதிரியைத் திருப்பித்தர மாட்டேன் என்றாள். காளீஸ்வரி பேனாவை வாங்கி, மாதிரியின் அடியில் 'இது இடது. தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மீதிப் பள்ளிகளை இன்னொரு நாளைக்கு விட்டுவிட்டு, புதூர் தாண்டி பாண்டிச்செல்வியின் ஊருக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஊருக்கு வெளியே வேலிக்கருவேலங் காட்டை வெட்டிய வெற்றிடத்தில் மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. வெட்டிய கட்டைகளைக் குவித்து அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண்ணை மெழுகி, உள்ளே தீ வைத்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாள் மூச்சடக்கி வேகவேண்டும். மண்ணில் எங்காவது ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்தால் கரி ஆகாது; சாம்பலாகிவிடும். அந்தக் காற்றில் அப்பாவும் மகளும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு மூட்டத்தைச் சுற்றிச்சுற்றி வந்து, புகை பிய்த்துக்கொண்டு வருகிற இடத்தையெல்லாம் ஈரமண்ணால் அடைத்துக்கொண்டிருந்தார்கள். பாண்டிச்செல்வியின் கண்ணிமை வரைக்கும் கரி.

கருப்பசாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தூக்குச்சட்டியில் இருந்த சுக்குக்காப்பியை மூடியிலும் தம்ளரிலுமாக ஊற்றிக் கொடுத்தார். காளீஸ்வரி குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொல்லி முடித்தாள். தப்பு என்னுடையது, உங்கள் மகளுடையது இல்லை. நிறுவனத்துக்கு எழுதியிருந்தேன், நேற்றுப் பதில் வந்தது. சேர்க்கை முடிந்துவிட்டதாம், வருத்தப்படுகிறார்களாம், அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாமாம். சுடலைராஜ் தலையைக் குனிந்துகொண்டு, மாற்றி அடித்தது நான்தான் என்றான்.

கருப்பசாமி பொறுமையாகக் கேட்டார். அவருக்கு ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. "டீச்சர், அந்தச் சாமான் மெஷின்ல இருந்து வெளிய வந்தப்ப அதைச் சரியா இருக்கான்னு பார்த்தது யாரு?"

காளீஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று இருந்திருக்கிறார்கள்.

"யாரும் பார்க்கலை அண்ணாச்சி," என்றாள்.

அவர் மூட்டத்தின் மேற்குப் பக்கம் காற்றுப் புகுந்து புகை நீலமாக வருவதைப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வைதிருந்தால் தேவலை என்று காளீஸ்வரிக்கு இருந்தது.

பாண்டிச்செல்வி நின்ற இடத்திலேயே நின்றாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்ட ஆள் கேட்கிறார்களாம், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம், அப்பா போகச் சொல்கிறார் என்றாள். காளீஸ்வரி படபடவென்று, போகாதே, அடுத்த தேர்வுக்கு நான் சொல்லித்தருகிறேன், புத்தகம் வாங்கித்தருகிறேன், இங்கேயே வந்து வேண்டுமானாலும் என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்தப் பெண் இடைமறித்தாள்.

"நீங்க சொல்லித்தரவேண்டாம் மேடம். அந்த மெஷினை நான் ஓட்டுதேன். தீப்பெட்டி ஆபீசுல தாரதை இந்த அண்ணாச்சி தரட்டும். படிக்கிறதை நான் பார்த்துக்கிடுவேன். ஒண்ணு மட்டும். நான் கைவச்சுப் பார்க்காம எதும் அந்தக் கடையை விட்டு வெளிய போகக்கூடாது."

காளீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் சுடலைராஜ் சரி என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் பாண்டிச்செல்வி வந்துவிட்டாள். வந்த வேகத்தில் சுடலைராஜின் பழைய கோப்புகளையெல்லாம் கணினியிலிருந்து அழித்துவிட்டுப் புதிதாக இறக்கினாள். இழைச்சுருள் தூசி பட்டுக் கிடக்கிறது என்று துணியால் மூடினாள். சூடு அதிகம் என்றாள், வேகம் அதிகம் என்றாள், கரண்ட் போனால் தாங்குவதற்குப் பேட்டரி வேண்டும் என்றாள். பேனரும் பனியனும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த கடையில், பதினைந்து வருடத் தொழில்காரனை ஒரு பெண் நிற்கவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம் சுடலைராஜ் அவளைப் பற்றித்தான் புலம்பினான். தீப்பெட்டி ஆபீசுக்கே அனுப்பியிருக்கலாம் என்றான். காளீஸ்வரி சாதத்தில் குழம்பை ஊற்றினாள். கல்லூரியில் அவள் வேலையை அந்த வருடம் புதுப்பித்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அவளும் புதுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே கட்டைவிரலைத் தூக்கச் சொல்லி, நான் இத்தனை வருடம் தப்பாகக் காட்டினேன் என்று சொல்லித்தான் பாடத்தை ஆரம்பித்தாள்.

ஆடி பாதியில் பத்துப் பள்ளிக்கும் மாற்று மாதிரிகள் தயாராயின. காளீஸ்வரி கல்லூரி விட்டு அச்சகத்துக்குப் போனபோது மேசைமேல் பத்தும் வரிசையாக இருந்தன. அட்டைப்பெட்டியும் பசைநாடாவும் வைத்துக்கொண்டு சுடலைராஜ் கட்டத் தயாராக நின்றான். பாண்டிச்செல்வி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். கட்டைவிரலை நிறுத்தி எட்டுச் சுருளையும் தடவினாள். கணினித் திரையைப் பார்த்தாள், மறுபடி தடவினாள், அந்தப் பக்கம் வைத்தாள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் ஆனது. வெளியே காற்று தகரப் பலகையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

ஏழாவதை எடுத்தவள் நிறுத்தினாள். ஆறாவது சுருளுக்கும் ஏழாவது சுருளுக்கும் நடுவில் நாடா வளைந்து திரும்புகிற இடத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு அடுக்கு விட்டுப்போயிருந்தது. நகத்தை விட்டுப் பார்த்தாள். தனியே எடுத்துத் தரையில் வைத்தாள்.

சுடலைராஜ் பசைநாடாவைக் கீழே வைத்தான். சுற்றுவது சரியான பக்கம்தானே என்றான். சரியான பக்கம்தான் என்றாள்.

"பிறகென்ன. இம்புட்டுக்காணு கீறல். எந்தப் பிள்ளை இதைப் போய் இவ்வளவு உன்னிப்பாப் பார்க்கப்போவுது?"

பாண்டிச்செல்வி எட்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நான் பார்த்தேம்லா அண்ணாச்சி."

அவன் காளீஸ்வரியைப் பார்த்தான். அவள் ஏழாவதை எடுத்து, பாதியில் நின்ற புரதங்கள் கிடந்த பெட்டியில் போட்டாள். அவன் போய் இயந்திரத்தின் தட்டைத் துடைத்து, புதிதாக ஒன்றை ஓடவிட்டான்.